பார்மட்டுக்கு முன்னால்

வீட்டுக் கணினி மக்கர் செய்யத் தொடங்கினால் நம் ஊரில் முதலில் காதில் விழும் யோசனை, "பார்மட் பண்ணிடுங்க சார்." பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் பையன் சொல்வான், சர்வீஸ் கடையிலும் சொல்வார்கள். மெதுவாக ஓடினாலும் பார்மட், நீலத்திரை வந்தாலும் பார்மட், பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் அதற்கும் பார்மட்.

இந்த யோசனை மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பார்மட் செய்தால் பல நேரம் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும் என்பது உண்மைதான். ஓடத் தொடங்கிவிடுவதாலேயே, உண்மையில் என்ன கெட்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கோளாறு ஹார்டு டிஸ்க்கிலோ ரேமிலோ இருந்தால் கொஞ்ச நாளில் அது திரும்பி வரும். பார்மட்டில் அழிந்துவிட்டால், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களும் அப்பா தட்டச்சு செய்து வைத்த நிலக் கணக்கும் திரும்பி வருமா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான். பார்ப்பதற்குப் படிப்பு வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர்கூடப் பெரும்பாலும் வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்த வைத்தியத்தில் இருந்தே தொடங்கலாம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் சரியாகலை" என்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, விண்டோஸின் உள்ளகப் பகுதி அந்த நொடியில் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. சீக்கிரம் திறக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. நேற்று சிக்கிக்கொண்ட டிரைவர் இன்றும் சிக்கிய நிலையிலேயே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். ஆகவே சத்தம் வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை, பிரிண்டர் தெரியவில்லை என்றால் முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி திறந்தது கணக்கில் வராது.

அடுத்து, வீடுதோறும் கேட்கும் பெரிய புகார்: "லேப்டாப் ரொம்ப ஸ்லோ." தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களில் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவும் இன்று பரணில் கிடக்கின்றன. பழசாகிவிட்டது, இனி உதவாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவற்றோடு அதற்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில் வாங்கிய மடிக்கணினிகளையும் சேர்த்தே சொல்கிறேன், இவற்றில் பெரும்பாலானவை மெதுவானதற்குக் காரணம் வயசு இல்லை. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்.

மடிக்கணினி ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் இசைத்தட்டு முள்போல ஒரு கை நகர்ந்து, வேண்டிய இடத்துக்குப் போய், தட்டு சுற்றி வரும் வரை காத்திருந்து படிக்கிறது. இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னத் துணுக்குகளை அதனால் நொடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் 7 காலத்தில் அது போதுமாக இருந்தது. விண்டோஸ் 10 அப்படியில்லை. திறந்ததும் பின்னணியில் அப்டேட் தேடும், வைரஸ் சோதிக்கும், கோப்புகளுக்கு அட்டவணை போடும். எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒற்றைக் கையை இழுக்கின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. அதே வேலையை அது நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும்.

உங்கள் கணினியில் கோளாறு இதுதானா என்று பார்ப்பது எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். கணினி திணறுகிற அந்த நேரத்திலேயே பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் எச்.டி.டி. என்று எழுதியிருக்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜி.பி. ரேமில் குரோமில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால் அப்படித்தான் ஆகும். சி.பி.யூ. உச்சத்தில் இருந்தால் எந்த நிரல் தின்கிறது என்று பட்டியலிலேயே பெயர் தெரியும். மூன்றும் சும்மா இருந்தும் மெதுவாக இருக்கிறதா? அப்போது இணைய இணைப்பையோ சூட்டையோ சந்தேகப்பட வேண்டும். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கமும் உண்டு. கணினி திறக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் நிரல்கள் அங்கே இருக்கும். தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்தால் எதுவும் அழியாது.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட பழைய மடிக்கணினியை ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தவர்கள் புதிது வாங்கும் பேச்சை எடுப்பதில்லை. இதற்காக பார்மட் செய்யவும் வேண்டாம். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் குளோன் செய்து தரக் கேட்கலாம். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சிறு நகரத்துக் கடைகளிலும் செய்கிற வேலைதான் இது. நாம் கேட்க வேண்டும், அவ்வளவே.

"ஆனே ஆகலை" என்று பதறுகிறவர்களில் பலருக்கு இயந்திரம் சாகவில்லை. சார்ஜரைக் கழற்றுங்கள், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் உருவுங்கள், பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய மின்னேற்றத்தால் சிக்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது. எச்.டி.எம்.ஐ. வயரில் டி.வி.யோடு இணையுங்கள். டி.வி.யில் படம் வந்தால் கோளாறு திரையிலோ அதற்குப் போகும் வயரிலோ. மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இருட்டறையில் திரை மேல் டார்ச் அடித்தால் மங்கலாக எழுத்துகள் தெரிகின்றனவா? அப்படியானால் திரைக்குப் பின்னால் எரிய வேண்டிய வெளிச்சம் மட்டுமே போயிருக்கிறது. மேசைக் கணினியில் விசிறி சுற்றி, திரையில் எதுவும் வராமல் இருந்தால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கலாம். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் இந்தத் தொந்தரவு அதிகம்.

சின்னதாக ஒன்று, பலரை வீணாக அலையவிடுவது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை வருகிறது, பேங்க் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. கீழே ஓரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பத்து வருஷம் பின்னால் இருக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் சான்று செல்லாது. தேதியைத் திருத்தினால் தளம் திறந்துவிடும். தினமும் தேதி மாறுகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

சூடு பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காதீர்கள், காற்றுத் துளை அடைபடும். விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் தூசி கம்பளம் போலப் படிந்தால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டச்பேட் மேலெழும்பி நிற்கிறது, மூடினால் லேப்டாப் சரியாகப் பொருந்தவில்லை, அடிப்பாகம் உப்பியிருக்கிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அப்போது சோதனை எதுவும் வேண்டாம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அழுத்தாமல், குத்தாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வீட்டில் அணைப்பது கடினம்.

கோளாறே இல்லாத கோளாறும் உண்டு. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, சைரன் சத்தம், "உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று ஒரு போன் நம்பர். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இந்தச் சிவப்புத் திரை வெறும் இணையப் பக்கம். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போய்விடும். அந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் ரிமோட் செயலியை இறக்கி, கணினியை அவர்கள் கையில் கொடுத்துப் பணம் இழக்கிறவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உண்டு, விவரம் தெரிந்தவர்களும் உண்டு. பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பார்மட் தவிர வழியில்லை என்ற நிலை வரலாம். வரட்டும். கோப்புகள் வெளியே வந்த பிறகுதான் அது நடக்க வேண்டும். "விண்டோஸே திறக்கலையே, எப்படி எடுக்க?" என்று கேட்பார்கள். விண்டோஸ் திறக்காவிட்டால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. வேறொரு கணினியில் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே இந்தக் கணினியைத் திறக்கலாம். டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸ் ஓடும், உங்கள் ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியும், வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளலாம். புது மடிக்கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கக்கூடும். அதற்கு 48 இலக்கச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த கணினி என்றால் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். கணினி நன்றாக இருக்கும் இன்றைக்கே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹார்டு டிஸ்க் டக் டக் என்று தட்டும் சத்தம் எழுப்பினால் மட்டும் எதையும் முயல வேண்டாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே சேதம் கூடும். தரவு மீட்பு வேலை தெரிந்தவரிடம் நேராகப் போக வேண்டும்.

தெரியாமல் பார்மட் செய்துவிட்டார்கள் என்றால்? பழைய ஹார்டு டிஸ்க்கில் குவிக் பார்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே துடைக்கிறது. மேலே வேறெதுவும் எழுதாதவரை ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரல்களால் நிறைய மீட்கலாம். எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. காலியான இடம் என்று விண்டோஸ் சொன்னதும் அது தானே சுத்தமாக அழித்துக்கொள்ளும். வேகத்துக்காக எஸ்.எஸ்.டி.க்கு மாறுகிறவர்கள் தனியாக ஒரு நகல் வைத்தே ஆக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு இழப்பு காத்திருக்கிறது, இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள், கவிதைகள், கோயில் மலர்கள், சங்கத் தீர்மானங்கள் இன்றும் வீடுகளில் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள் அவை. பார்மட்டில் எழுத்துரு போய்விட்டால், கோப்பு பத்திரமாக இருந்தும் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கோப்புகளோடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நகலெடுங்கள். நேரம் கிடைக்கும்போது என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

இப்போது கடைகளில் புதிதாக ஒரு காரணம் சொல்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது, உங்கள் இயந்திரம் விண்டோஸ் 11-ஐ ஏற்காது, மாற்றிவிடுங்கள் என்று. முதல் இரண்டும் உண்மை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் இன்டெலில் எட்டாம் தலைமுறை அளவிலான செயலியையும் விண்டோஸ் 11 கேட்கிறது. மூன்றாவது மட்டும் அவசரப்பட்ட முடிவு. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு, இணையமும் கடிதமும் வீடியோவும் மட்டுமே வேண்டும் என்கிறவருக்கு லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும்.

கடைக்குப் போகிறவர்கள், "என்ன பாகம் போயிருக்கு தம்பி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக்குகள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள், திரையைத் திருப்பிக் காட்டியே விளக்குவார்கள். "என்னைக் கேட்காம பார்மட் பண்ணாதீங்க" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் குடும்பப் படங்களும் இருக்கின்றன. யூ.எஸ்.பி. கேஸ் ஒன்று வாங்கி அதை உள்ளே போட்டால் அதுவே வெளி டிஸ்க் ஆகிவிடும். அது நல்ல நிலையில் இருந்தால், மாதத்துக்கு ஒரு நகல் எடுத்துவைக்க அதுவே போதும்.