ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

என் மகனுடைய பெரிய எஸ்யூவி ஆட்டோமேட்டிக் வண்டி. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது உதைக்கிறது. மூன்று முறை சர்வீஸுக்கு விட்டோம். "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்கிறார்கள். ஜாப் கார்டிலோ வெறும் 'ஜெனரல் செக்கப்'! காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் நான். தாளில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? வாரன்டி முடிந்த மறுநாள் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள்.

பிரான்சில், சட்டப்படியான உத்தரவாதத்தில் பழுது பார்த்த பொருளுக்கு மேலும் 6 மாதம் உத்தரவாதம் நீள்கிறது. இங்கே வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளும் நம் கணக்கில்தான் கழிகிறது.

ஆகவே, கோளாறை நம் வார்த்தையிலேயே, கிலோமீட்டரோடு எழுதாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். அங்கே கேட்பது அந்தத் தாளைத்தான்.