கோபுரமில்லாத ஓடுபாதையில் யார் வழிவிடுவது?

கலிபோர்னியாவின் வாட்சன்வில் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைப் பொது அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்குவதே வழக்கம். 2022 ஆகஸ்ட் 18 அன்று அங்கே இறங்க வந்த இரு விமானங்களின் விமானிகளும் முறையாகச் சொன்னார்கள். அப்படியும் மோதல், மூவர் பலி.

சிறிய செஸ்னா 152 வட்டமடித்து இறங்கத் திரும்பியது. அதன் பின்னால் நேர்கோட்டில் வந்தது இரட்டை எஞ்சின் செஸ்னா 340. வேகம் சுமார் 180 நாட். இறங்கும் நேரத்தில் இது மிக மிக அதிகம். பின்னால் மற்ற விமானம் வேகமாக வருவதாக ரேடியோவில் சொல்லிவிட்டு, சின்ன விமானத்தின் விமானி இறங்குவதைக் கைவிட்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. இறங்குவதற்காக வட்டமடிக்கும் வேறு விமானம் இருந்தால், நேராக வருபவரே வேகம் குறைத்து வழிவிட வேண்டும். அக்கம்பக்கத்து விமானங்களைத் திரையில் காட்டும் கருவி சிறு விமானங்களிலும் இருந்தாக வேண்டும்.