கடமைப் பாதையில் உரிமைக்கு இடம் எங்கே?

தோழர்களே,

டெல்லிக்கு முதல்முறை போகிற மாணவர்கள் இந்தியா கேட் முன் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. நாமும் எடுத்தவர்கள்தான். தவறில்லை. ஆனால் ரைசினா குன்றிலிருந்து இந்தியா கேட் வரை நீளும் அந்தத் தெரு யாருக்காகப் போடப்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டு நிற்போம்.

1911 டிசம்பர் 12 அன்று, தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். ரைசினா, மால்ச்சா கிராமத்தாரின் நிலங்கள் 1894 நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டன. குன்றின்மேல் லுட்யன்ஸ் வைஸ்ராய் மாளிகையையும், பேக்கர் தலைமைச் செயலகக் கட்டடங்களையும் எழுப்பினர். அங்கிருந்து இறங்கிய தெருவுக்குக் கிங்ஸ்வே, அதாவது அரசர் வழி, என்று பெயர். உயர்ந்த பதவிக்காரருக்கு மாளிகையை ஒட்டிப் பங்களா. குமாஸ்தாவுக்குத் தூரத்தில் குடியிருப்பு. வேலைக்காரர்களுக்குப் பங்களாவின் பின்புறம். ஊரும் சேரியும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வரைபடத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

விடுதலைக்குப் பின் அதே பொருளில் ராஜ்பாத் ஆனது. இந்தியா கேட் அருகே மண்டபத்தில் நின்ற ஜார்ஜ் சிலை 1968 வரை அங்கேதான் இருந்தது. 2022 செப்டம்பர் 8 அன்று அந்த மண்டபத்தில் நேதாஜி சிலை திறக்கப்பட்டது. தெரு 'கர்தவ்ய பாத்' ஆனது. கடமைப் பாதை! அடிமைச் சின்னம் ஒழிந்தது என்றார்கள்.

அரசன் பெயர் போனதில் நமக்கு வருத்தமில்லை. வந்த சொல்தான் உறுத்துகிறது. சாவுக்குப் பறையடிப்பது உன் கடமை, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது உன் கடமை, மலம் அள்ளுவது உன் கடமை என்று எத்தனை தலைமுறைக்குச் சொன்னார்கள்! அதற்குத் தர்மம் என்று பெயரும் வைத்தார்கள். அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவாக்கி, 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்பில் அடிப்படை உரிமைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அதில்தான் இருக்கிறது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுக்கு அன்று தனிப் பகுதி இல்லை. அது 1976இல், 42ஆம் திருத்தத்தில் நுழைந்தது. நெருக்கடிநிலைக் காலம் அது. உரிமைகளை முடக்கிய கைதான் கடமைகளை எழுதிச் சேர்த்தது.

இந்தத் தெருவின் புல்வெளியில் ஒருகாலத்தில் மக்கள் கூடினார்கள். 1988 அக்டோபரில் திகாயத் தலைமையில் விவசாயிகள் போட் கிளப் திடலை நிறைத்தார்கள். அதன்பிறகு அங்கே போராட்டத்துக்குக் கதவடைப்பு. நம்மை ஜந்தர் மந்தருக்கு ஒதுக்கினார்கள். 2024 ஜூனில், நாடாளுமன்ற வளாகத்தில் 1967 முதல் நின்றிருந்த அண்ணலின் சிலையையும் பெயர்த்து, வளாகத்தின் வேறொரு மூலைக்குக் கொண்டுபோனார்கள். காந்தி சிலையும் கூடவே போனது. மக்களும் தள்ளி, சிலைகளும் தள்ளி.

"கடமை இல்லாமல் உரிமை உண்டா?" என்று நம்மைக் கேட்பார்கள். கேட்கட்டும். நாம் திருப்பிக் கேட்போம்: அரசின் கடமை என்ன ஆயிற்று? கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்கிறது, குழிக்குள் இறங்குகிறவரின் சாதி மாறவில்லை. அந்தத் தெருவிலிருந்து ஆள்கிறவர்கள் முதலில் இந்தக் கடமையைச் செய்து காட்டட்டும்.

1955 முதல் ஜனவரி 26 அணிவகுப்பு நிரந்தரமாக நடப்பது இந்தத் தெருவில்தான். அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக அந்த நாளுக்குள் நுழைகிறோம் என்று அண்ணல் முன்பே எச்சரித்தார். அடுத்தமுறை இந்தியா கேட் முன் நிற்கும்போது அதை நினைப்போம். படம் எடுத்த கையோடு ஜந்தர் மந்தருக்கும் போவோம். அங்கே நம் மக்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் உட்காருவோம்.

ஜெய் பீம்!