இரட்டைக்குழலும் இரட்டை நாக்கும்

வேட்டை குறித்த கட்டுரைகள் நம் சிற்றிதழ்ச் சூழலில் அவ்வப்போது தலைகாட்டியபடியே இருக்கின்றன. பெரும்பாலும் நினைவேக்கத்தின் வடிவில்தான் அவை வருகின்றன. பழைய வீட்டு முகப்பில் மாட்டிய மான்கொம்பு, ஜமீன் பங்களாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, செத்த புலியருகே காலூன்றி நிற்பவரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இவற்றைச் சுற்றி ஒரு பொற்காலம் நெய்யப்படுகிறது. எழுதுபவருக்கு அது வீரம், ரசனை, மரபு. சிவராத்திரியை ஒட்டிச் சிங்கம்புணரிப் பக்கம் முயல் வேட்டைக்குப் போனவர்கள் வனத்துறையிடம் பிடிபட்டார்கள் என்ற செய்தி வந்தாலோ, அதே பேனா ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று எழுதுகிறது. நரிக்குறவர் தோளில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கி அதற்குக் கேலிப்பொருள். செத்தது இரண்டு இடத்திலும் முயல்தான். கொன்றவரின் வீட்டு முகப்பைப் பார்த்துக் கொலைக்குப் பெயர் சூட்டும் இந்த வழக்கத்தோடுதான் நமக்குச் சண்டை.

ஊர் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். சிவகங்கைச் சீமையில் வழங்கிய வேட்டைக்கருவி வளரி. ஓடும் முயலையும் மானையும் எறிந்து வீழ்த்த உதவிய அந்த வளைதடி போரிலும் பயன்பட்டது. கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், வளரி எறியத் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்று எழுதியிருக்கிறார். பெரிய மருதுவை ஆர்க்காட்டு ரூபாயை விரலால் வளைக்கும் பலசாலி என்றும், காட்டு விலங்குகளோடு பொருதுவதில் பெருவிருப்பம் கொண்டவர் என்றும் குறிக்கிறார். கற்றுக்கொண்டவர் பணியாற்றிய படையே 1801இல் கற்பித்தவரைக் காடு காடாகத் துரத்தியது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன.

இந்த வரிசை முக்கியமானது. முதலில் நிலத்தவர் கையிலிருந்து ஆயுதம் போயிற்று. அதன் பிறகே ‘ஷிகார்’ என்ற கௌரவப் பொழுதுபோக்கு வந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை இந்தியர்க்குக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்க்கு விலக்கு இருந்தது. பட்டமும் பெருநிலமும் உடைய சிலர்க்கும் சலுகை இருந்தது. ஆகவே நாம் வியந்து பார்க்கும் அந்தப் புகைப்படங்கள், எவர் துப்பாக்கி ஏந்தலாம் என்று அரசு வகுத்த பட்டியலின் படங்கள். வீரம் அந்தப் பட்டியலுக்குள் இருந்தவர்க்கு மட்டுமே வாய்த்த குணம் என்று இன்றும் நம்புகிறவர்கள், 1878இன் சட்டத்தைத் தம் அழகியலாக ஏற்றுக்கொண்டவர்கள்.

கருவிகளையும் சற்றே ஒப்பிடுவோம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டையின் விட்டம்தான் ‘12 போர்’ துப்பாக்கிக் குழலின் விட்டம். காடை கௌதாரிக்குப் பொடி ரவை, மானுக்கு எல்.ஜி. எனப்படும் பெருங்குண்டு எனத் தோட்டாக்கள் தயாராகவே கிடைத்தன. குழலை மடக்கி, இரண்டு தோட்டாக்களைச் செருகி, இரண்டு முறை சுட்டு, மறுபடி நிரப்பச் சில நொடிகள் போதும். நாட்டுத் துப்பாக்கியின் கதை வேறு. குழல்வாய் வழியே கரிமருந்தைக் கொட்ட வேண்டும். தேங்காய் நாரோ கந்தல் துணியோ வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ரவையைப் போட்டு மீண்டும் இடித்துக் கேப்பைப் பொருத்த வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஒரே ஒரு வெடி. மருந்து நனைந்திருந்தால் அதுவும் இல்லை. முதல் குறி தப்பினால் கௌதாரி அடுத்த புதருக்குப் போய்விடும். இந்த இரண்டில் காட்டை வெறுமையாக்கும் வல்லமை எதற்கு இருந்தது என்பதை வாசகர் கணிக்கட்டும்.

கணிக்க வேண்டிய தேவையும் இல்லாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று பதிவான மூன்றும் 1947இல் கொரியா சமஸ்தானத்தில் அதன் மன்னரால் ஒரே இரவில் சுடப்பட்டவை. 1952இல் அவ்விலங்கு இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. கண்ணிக்காரன் எவனும் அதைச் செய்யவில்லை.

ஆனால் சட்டம் யார் மீது விழுந்தது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேவையான சட்டம். அதில் நமக்கு ஐயமில்லை. அச்சட்டமும் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடம் வைத்திருந்தது. 1991இன் திருத்தமே அந்த வாயிலை அடைத்தது. மாளிகைக்காரர் துப்பாக்கியை உறையிலிட்டு வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டார். அவருக்கு இழப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காடையும் கௌதாரியும் பிடித்து விற்று உலை வைத்த நரிக்குறவருக்கு இழப்பு அடுத்த வேளைச் சோறு. அவர் பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறினார், பேருந்து நிலையங்களுக்கு நகர்ந்தார். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டுமென 1965இலேயே லோகூர் குழு பரிந்துரைத்திருந்தது. அதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். 1972இன் சட்டத்துக்கும் இதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். காட்டைக் காத்ததன் செலவை அந்த ஐம்பது ஆண்டுகளும் எவர் செலுத்தினார் என்று நம் வேட்டைக் கட்டுரையாளர் எவரும் கேட்டதில்லை.

இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. சங்கப் பாட்டில் இல்லாத வேட்டையா என்கிறார்கள். இருக்கிறது. படித்துப் பார்க்கத்தான் வேண்டும். புறநானூற்றின் 152ஆம் பாட்டில், வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைப்பதை வன்பரணர் பாடுகிறார். அத்தோடு பாட்டு முடிந்துவிடுவதில்லை. அந்த வேட்டுவன் பசித்த பாணர்க்கு ஊனும் பொன்னும் வழங்குவதில்தான் அது சென்று நிறைகிறது. பெரும்பாணாற்றுப்படையில் நாயை ஏவி, வலையை மாட்டி முயல் பிடிக்கும் எயினர், வந்த விருந்தினரைப் பட்டினி போடுவதில்லை. அங்கே வேட்டை பசிக்கும் கொடைக்கும் நடுவில் நிற்கிறது. ஷிகார் புகைப்படத்தில் உண்பவர் இல்லை, பாணர் இல்லை, கொடை இல்லை. இருப்பது சட்டம் போட்ட தலை ஒன்று. சங்க மரபின் வாரிசு யார் என்று கேட்டால், சுவரில் கொம்பு மாட்டியவரைவிட வலை முடைந்தவரே அருகில் நிற்கிறார்.

வேட்டைக்காரர்களே பின்னாளில் காட்டைக் காத்தார்கள் என்பது அடுத்த வாதம். ஜிம் கார்பெட்டைச் சொல்வார்கள். சிறுவயதில் ஏர்கன்னால் ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தியதில் தொடங்கிய சாலிம் அலியைச் சொல்வார்கள். மறுக்கவில்லை. கார்பெட்டை நாம் கொண்டாடுவது துப்பாக்கியை வைத்துவிட்டுப் புகைப்படக் கருவியை எடுத்ததற்காக. அந்தக் கையில் முதலில் துப்பாக்கி இருந்தது என்பதற்காக மட்டும் அன்று. அதை எடுக்காமலேயே ஆயுள் முழுவதும் காட்டைப் படித்தெழுதிய ஒருவர் நம் மொழியிலேயே இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). அவரை எத்தனை வேட்டை ரசிகர்கள் வாசித்திருக்கிறார்கள்? குறிவைத்த பறவை மட்டுமே சாகிறது என்ற நம்பிக்கையும் பொய். நீர்நிலையில் சிதறிய ஈய ரவையைப் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நீர்நிலைப் பகுதிகளில் தடுத்தது.

அப்படியானால் பாரிவேட்டையை நியாயப்படுத்துகிறீர்களா என்று கேட்கப்படும். இல்லை. நாய்களும் தடிகளுமாய்க் கூட்டமாகச் சென்று முயலைச் சூழ்வது இன்று பசிக்கான வேட்டை ஆகாது. மரபு என்ற சொல் அதற்குக் கவசமும் ஆகாது. மரபு தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தெரிந்தது என்பதற்குச் சான்று காரைக்குடியிலேயே உண்டு. விஜயதசமியன்று மகர்நோன்புப் பொட்டலில் சாமி அம்பு விடுகிறார். ஊர் கூடிப் பார்க்கிறது. எந்த உயிரும் சாவதில்லை, சடங்கும் குறைவுபடுவதில்லை. குலதெய்வத்துக்கு முயல்தான் வேண்டுமென்பவர்கள், அந்த அம்பை நினைத்துப் பார்க்கலாம். நாம் கேட்பது ஒரே அளவுகோல். பாரிவேட்டையைக் கண்டிப்பவர், அதே மூச்சில் முகப்பிலுள்ள கொம்பையும் கண்டிக்கட்டும்.

துப்பாக்கியே கூடாதென்பதும் நம் வாதமன்று. காட்டுப்பன்றி ஒரே இரவில் கடலைக்காட்டை உழுதுபோட்டால், கடன்பட்ட குடியானவருக்குக் கவிதை உதவாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. அதன் நிறைகுறைகளைப் பேசலாம். ஆனால் அங்கே துப்பாக்கி ஒரு கருவி, பொறுப்புள்ள அலுவலர் கையில் கணக்கோடு இருப்பது. அந்த வழி தாமதமானால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்த அவுட்டுக்காய் புதரோரம் வைக்கப்படும். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் சிதைந்து, பட்டினியில் சாகும். இதைப் பற்றி எழுத ஆள் வேண்டும். நினைவேக்கக் கட்டுரைக்கு ஆள் நிறைய இருக்கிறது.

மருதிருவர் தூக்கிலேறிய திருப்பத்தூருக்கு அருகே, கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களில் இருக்கிறது வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் வக்காவும் அங்கே வந்து கூடுகின்றன. அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் பிள்ளைகளின் கையிலிருந்த பட்டாசை ஊரே சேர்ந்து கீழே வைத்திருக்கிறது, கருவேல மரத்தில் அடைகாக்கும் ஒரு பறவை கலையக் கூடாது என்பதற்காக. துறப்பது வீரமென்றால் செட்டிநாட்டில் வீரம் இந்தக் கண்மாய்க்கரையில் இருக்கிறது.

எனவே வேட்டை பற்றி எழுதப் போகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. அந்தப் பழைய புகைப்படத்தை மறுபடி அச்சிடுமுன், அதன் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்பவரைப் பாருங்கள். தடம் கண்டவர் அவர், புதரைக் கலைத்து விலங்கை விரட்டி வந்தவர் அவர். கௌதாரியின் குரலில் கௌதாரியை அழைக்கத் தெரிந்த முதியவர்கள் வாக்ரிபோலி பேசும் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய காட்டறிவைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் கையில் துப்பாக்கியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லவில்லை. கட்டுரையில் இடம் கொடுங்கள். மான்கொம்பைப் பற்றி நாம் போதுமான அளவு படித்துவிட்டோம்.