தாழ்வுப் பகுதி புயலாவது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாடு கிழக்கே பார்த்துக் காத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதங்களில் பெய்கிறது. ஏரி, குளம் நிரம்புவது பெரும்பாலும் இந்த வடகிழக்குப் பருவ மழையால்தான்.

இந்த நாட்களில் ஒரு செய்தி அடிக்கடி வரும். "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது" என்பதே அது.

இதைக் கேட்டதும் சிலர், "ஐயோ, புயல்!" என்று பதறுகிறார்கள். வேறு சிலர், "வெறும் தாழ்வுப் பகுதிதானே!" என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

தாழ்வுப் பகுதி என்பது விதை. எல்லா விதையும் மரமாவதில்லை. ஆனால் விதை இல்லாமல் மரம் இல்லை.

கடல் ஊட்டும் உணவு

காற்றுக்கும் எடை உண்டு. தலைக்கு மேலே உள்ள காற்று பூமியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. இதுவே காற்றழுத்தம்.

பருவமழைக் காலத்தில் தெற்கு வங்கக் கடலில் வெவ்வேறு திசைக் காற்றுகள் வந்து சந்திக்கின்றன. அங்கே மேகங்கள் கூட்டம் கூடுகின்றன. சில சமயம், பசிபிக் பக்கம் ஓய்ந்துபோன புயலின் மிச்சமும் தாய்லாந்தைத் தாண்டி வந்து சேரும்.

கடல் நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அடுப்பில் வைத்த நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டுதானே ஆவியாகிறது? அந்த ஆவி வானத்தில் குளிர்ந்து நீர்த்துளியாகும்போது, வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் அங்குள்ள காற்று சூடேறி மேலே எழும்புகிறது. கீழே அழுத்தம் குறைகிறது.

அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாலா பக்கமிருந்தும் ஈரக் காற்று ஓடி வருகிறது. அதுவும் மேலே ஏறி மேகமாகிறது. மேலும் வெப்பம் வெளியாகிறது. அழுத்தம் மேலும் குறைகிறது. இப்படியே தாழ்வுப் பகுதி வளர்கிறது.

சுழல்வது ஏன்?

ஓடி வரும் காற்று நேராக மையத்துக்கு வந்து சேர்வதில்லை. பூமி சுழல்வதால், இந்தியா இருக்கும் வட பாதியில் காற்று வலப்புறமாக விலகுகிறது. அதனால் அது மையத்தைச் சுற்றி, கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழல்கிறது.

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், சுருண்ட பாம்பை நினைத்து இதற்கு "சைக்ளோன்" என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் 1848ஆம் ஆண்டு அவருடைய நூலில் வெளிவந்தது.

எல்லாம் வளர்வதில்லை

புயல் வளர, கடல் நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாக இருக்க வேண்டும். வானத்தின் உயரத்திலும் ஈரம் வேண்டும். மேலே வேறு திசையில் பலத்த காற்று வீசினால் மேகக் கூட்டம் சரிந்துவிடும். கரை ஏறினாலும் கடல் தரும் உணவு நின்று, புயல் மெலிந்துவிடும்.

வளர வளரப் பெயரும் மாறும். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம். 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். 89ஐ எட்டினால் கடும்புயல். 118ஐ எட்டினால் மிகக் கடும்புயல். அதற்கு மேலும் படிகள் உண்டு.

இரண்டு பாடங்கள்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது புயலாகி, இலங்கையைக் கடந்து, 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த ரயில் 100க்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. ஊரே அழிந்தது. அன்று வானத்திலிருந்து வங்கக் கடலைக் காவல் காக்க இந்தியாவிடம் செயற்கைக்கோள் இல்லை.

2017ஆம் ஆண்டு செயற்கைக்கோளும் இருந்தது, ரேடாரும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி காலையில் இலங்கை அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் "ஒக்கி" புயலாகிவிட்டது. இடையில் இருந்தது ஒரே நாள்! ஆனால் கன்னியாகுமரி, கேரள மீனவர்களில் பலர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் காதில் விழவில்லை. நூற்றுக்கணக்கான மீனவர்கள் வீடு திரும்பவில்லை.

புயலைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தச் செய்தியை நடுக்கடலில் உள்ள கடைசிப் படகு வரை கொண்டு சேர்ப்பது. ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் செய்தி கேட்கும் கருவி இருக்க வேண்டும். அது வேலை செய்யவும் வேண்டும். இதைக் கவனிப்பது அரசின் கடமை.

மக்களுக்கும் கடமை உண்டு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. 1ஆம் எண், தொலைவில் ஆபத்து இருக்கிறது என்பதற்கு அடையாளம். 8, 9, 10 ஆகியவை பெரும் ஆபத்துக்கு அடையாளம். தாழ்வு மண்டலம் என்றால் என்ன, கூண்டின் எண் எதைக் குறிக்கிறது என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை தரும் தாழ்வுப் பகுதியே புயலும் தருகிறது. மழையை வரவேற்கலாம். ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு கடலுக்குப் போகக் கூடாது. ஒரு நாள் வருமானம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். போன உயிர் திரும்பி வராது.