வீட்டுக்கு எதுக்குங்க ஹூடி?

எங்க குன்னத்தூர்ல யார் சிங்கப்பூர் போயிட்டு வந்தாலும் ஸ்டேட்டஸ்ல மூணு போட்டோ கட்டாயம் வரும். தண்ணி துப்புற மெர்லயன், மூணு டவர் தலையில கப்பலைத் தூக்கி வெச்ச மாதிரி நிக்கிற மரினா பே சேண்ட்ஸ், அப்புறம் தேக்காவில இருக்கிற அந்தக் கலர் கலர் வீடு. போன மே மாசம் நாங்க குடும்பத்தோட அஞ்சு நாள் போனோம். நாங்களும் அந்த மூணையும் எடுத்தோம். ரூல்னா ரூல்தான்.

அந்தக் கலர் வீட்டுக்கு ஒரு கதை இருக்கு. டான் டெங் நியா என்ற சீன வியாபாரியோட வீடு அது. 1900-ல் கட்டினது. தேக்காவில மிஞ்சி இருக்கிற ஒரே பழைய சீன மாளிகை. அது இருக்கிற தெருவுக்குப் பேரு கெர்பாவ் ரோடு. மலாய்ல கெர்பாவ்னா எருமை. ஒரு காலத்துல அந்த ஏரியா முழுக்க மாட்டு வியாபாரம் நடந்திருக்கு. வாரச்சந்தை ஊர்ல பொறந்த நமக்கு இதைக் கேட்டதும் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிடுச்சு. இன்னொரு விஷயம், எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்த வானவில் கலரெல்லாம் பின்னாடி அடிச்சது. கட்டினவர் இப்ப வந்து பாத்தா அவருக்கே வீடு அடையாளம் தெரியாது!

எனக்கு அதைவிடப் பிடிச்சது பக்கத்துத் தெருவுல இருந்த கடைவீடுகள். கீழ கடை, மேல வீடு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. 1822-ல் ராஃபிள்ஸ் ஊருக்குப் பிளான் போட்டப்ப ஒரு விதி வெச்சார்: ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் கூரை போட்ட நடைபாதை இருக்கணும், அது அடுத்த வீட்டு நடைபாதையோட சேர்ந்து தெரு முழுக்கத் தொடரணும். மலாய்ல அதுக்குப் பேரு 'காக்கி லீமா', அதாவது அஞ்சு அடி. அங்கத்த தமிழாளுங்க 'அஞ்சடி'ன்னே சொல்றாங்க. நாங்க இருந்தப்ப திடீர்னு மழை கொட்டுச்சு. கையில குடை இல்ல. அந்த வரிசை முடியற வரைக்கும் நனையாம நடந்தோம். என் வீட்டு நிழல்ல யார் வேணும்னாலும் நடக்கலாம்னு ஒரு தெருவே ஒத்துக்கிட்டிருக்கு, பாருங்க.

அடுக்குமாடிகளும் அப்படித்தான். அங்க பத்துல எட்டு பேர் அரசாங்கம் கட்டின வீவக வீடுகள்லதான் இருக்காங்க. பழைய பிளாக்குகள்ல நிறைய இடத்துல தரைத்தளத்தைச் சும்மா காலியா விட்டிருக்காங்க. காத்து நேரா அந்தப்பக்கம் போகுது, வயசானவங்க உக்காந்து பேசறாங்க, கல்யாணமும் அங்கதான், சாவும் அங்கதான். மேல ஜன்னலுக்கு வெளிய கம்பு நீட்டித் துணி காயப் போட்டிருந்தாங்க. அப்பா கழுத்தை வளைச்சு வளைச்சுப் பாத்துட்டு, "அதுல பாதி நம்ம ஊர்ச் சரக்கா இருக்கும்"னு சொன்னார். பன்னெண்டாவது மாடியில காயற பனியனோட லேபிளை இங்கிருந்தே படிக்கிற கண்ணு திருப்பூர்க்காரருக்கு மட்டும்தான் உண்டு.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெளிநாடு போற நம்மாளுங்க, முக்கியமா எக்ஸ்போர்ட் விஷயமா ஐரோப்பா போறவங்க, அங்கிருந்து ஒண்ணைத் தவறாம கொண்டு வர்றாங்க. அதுக்குப் பேரு எலிவேஷன். திருப்பூர் ரோட்ல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. செங்குத்தாச் சரிஞ்ச கூரை, மேற்கப் பாத்து ரெண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. அந்தக் கூரை அங்க சரிஞ்சிருக்கிறது பனி வழுக்கி விழறதுக்கு. குன்னத்தூர்ல என்னைக்குங்க பனி கொட்டுச்சு? கண்ணாடி அங்க குளிருக்கு நடுவுல கிடைக்கிற கொஞ்ச வெயிலை உள்ள பிடிச்சு வெக்கும். இங்கயும் அதையேதான் செய்யுது. வெயில் உள்ள வந்துடும், சூடு வெளிய போகாது. அப்புறம் ஏசி, அப்புறம் கரண்ட் பில், அப்புறம் புலம்பல்.

யோசிச்சுப் பாருங்க, நம்ம கம்பெனிகளுக்கு பையர்கிட்ட இருந்து ஒரு சாம்பிள் வந்தா என்ன பண்ணுவாங்க? கலரை மட்டும் பாத்துட்டு ஆர்டரை ஓட்டுவாங்களா? ஜிஎஸ்எம் பாப்பாங்க, நூல் பாப்பாங்க, சுருங்குதான்னு துவைச்சுப் பாப்பாங்க, எந்த சீசனுக்குப் போற துணின்னு கேப்பாங்க. குளிர் நாட்டுக்கு ஆயிரக்கணக்குல ஹூடி தைச்சு அனுப்பற ஊர் இது. அதை ஏப்ரல் மாசம் போட்டுக்கிட்டு இங்க யாரும் சுத்தறதில்ல. நம்ம வீடுங்க மட்டும்தான் ஹூடி போட்டு வெயில்ல நிக்குது.

வெளிநாட்டைப் பாத்துக் கட்டவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. செட்டிநாட்டுக்காரங்க பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள்னு எவ்வளவோ கொண்டு வந்தாங்க. ஆனா நடுவுல முற்றத்தை விடல, முன்னாடி திண்ணையை விடல. பொருள் கப்பல்ல வந்தாலும் பிளான் நம்ம வெயிலுக்குப் போட்டதா இருந்துச்சு.

இதெல்லாம் நான் ஏன் எழுதறேன்னா, எங்க ஓட்டு வீட்டை இடிச்சுட்டு வர்ற தை மாசம் புது வீட்டுக்கு வேலை ஆரம்பிக்குது. டேபிள் மேல இருக்கிற பிளான்ல முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எங்க வீடு மேற்குப் பாத்த வீடு. திண்ணை கிடையாது, அந்த இடத்துல கார் நிக்குது. இப்ப சாயங்காலமானா அந்தத் திண்ணையிலதான் தெருப் பொம்பளைங்க நாலு பேர் உக்காந்து பீஸுக்குப் பிசிறு வெட்டறாங்க. அவங்க எங்க போவாங்கன்னு பிளான்ல போடல.

ஓட்டு வீட்டை அப்படியே வெச்சுக்கலாம்னு நான் சொன்னா முதல்ல எதிர்க்கிறது அப்பத்தாதான். "பூனை ஓடி ஓடு நகந்தா ராத்திரியில பாத்திரம் வெச்சு ஒழுகற தண்ணியப் பிடிச்சது நான், நீ இல்ல கண்ணு"ன்னு சொல்லுது. நியாயம்தான். அதனால நான் கேக்கிறது ஓடு இல்ல. கான்கிரீட்டே போடட்டும். மேற்குப் பக்கம் கண்ணாடியைக் குறைச்சு, சன்ஷேடை மூணு அடி நீட்டி, மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதிச்சு, முன்னாடி அஞ்சு அடிக்கு நிழல் விட்டாப் போதும். காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம், அதுக்கு முதுகு வலிக்காது.

அப்பா இன்னும் ஒத்துக்கல. "பொண்ணு, மாப்ள பாக்க வர்றவங்க முன்பக்கத்தைத்தான் பாப்பாங்க"ன்னு சொல்றார். மே மாசம் மூணு மணிக்கு வரச் சொல்லலாம், முன்பக்கத்தைப் பாத்துட்டு உள்ள உக்காரட்டும்னு நானும் சொல்லிப் பாத்தேன்.

சிவில் டிப்பார்ட்மெண்ட் நண்பர்களே, இன்னும் ரெண்டு வருஷத்துல இந்த மாதிரி அப்பாக்கள் உங்ககிட்டதான் போனை நீட்டி, "இதே மாதிரி வேணும்"னு கேப்பாங்க. போட்டோ எந்த ஊர்ல எடுத்தது, அங்க வெயில் எவ்வளவுன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் பென்சிலை எடுங்க. எங்க அப்பாகிட்ட இப்பவே வந்து கேட்டாலும் சரி. காபி நான் போடறேன்.