மௌனம் காப்பது எதை?

தவறுகள் அலுவலகக் கோப்புக்குள்ளேயே அடங்கினால்தான் நம்பிக்கை நிலைக்கும் என்னும் வாதத்தை, 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய சென்னைப் புறநகர் முடிச்சூர் மறுக்கிறது. அன்று பழியெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பின் மீதே குவிந்தது. ஆனால் அவ்வேரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலை அருகேதான். முடிச்சூரின் துயருக்கு மேற்பகுதி ஏரிகளிலிருந்து வந்த நீரோடு, வெள்ளச் சமவெளியில், அதாவது ஆறு பெருகும்போது பரவ வேண்டிய தாழ்நிலத்தில், எழுந்த மனைப்பிரிவுகளும் காரணம். அத்தகைய மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும் மேசையில் 'இது நீர் பரவும் இடம்' என்று இளநிலை ஊழியர் ஒருவர் அச்சமின்றி எழுத முடியாவிட்டால், அங்கே நிலவுவது நம்பிக்கையன்று, பயம்; அதற்குப் பணியொழுக்கம் என்று பெயர் சூட்டுவது நகைப்புக்குரியது. மனிதர் விளைவித்த பேரிடர் இது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டப்பேரவையில் சொன்னபோது, வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன.